ஏறுவதற்குள் விசில்

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சென்னப்பட்டணம் எங்களுக்கு அயல்நாடு. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. புதுக்கோட்டை தனி ராஜ்யமாக இருந்தது. எங்களுக்கென்று ராஜா, எங்களுக்கென்று கோர்ட்டு, கச்சேரி, எங்கள் கடைத்தெருவில் மட்டும் செல்லும் ஒரு செப்புக்காசு. சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தோடு இணைத்துவிட்டார்கள். இனி எல்லாம் ஒரே சர்க்கார், பட்டணம்தான் நமக்கும் தலைநகர் என்று வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் கோடை விடுமுறையில் அந்தத் தலைநகரின் பஸ்ஸிலும் டிராமிலும் நடைபாதையிலும் அலைந்துவிட்டு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவேனோ தெரியவில்லை.

போனது என் அண்ணியின் காலுக்காக. அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி சிவகாமி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பொன்னமராவதிச் சந்தைக்குப் போன மாட்டுவண்டி குடைசாய்ந்து சக்கரம் அவர் பாதத்தின் மேல் ஏறிவிட்டது. புண் அழுகி, புதுக்கோட்டையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷமாகக் கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு தாவித் தாவித்தான் நடந்தார். பட்டணத்தில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில், சண்டையில் காலிழந்த சிப்பாய்களுக்குக் கால் செய்துகொடுத்த பட்டறை இன்னும் நடக்கிறது, யார் போனாலும் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அண்ணன் கிணற்றுத் தண்ணீரில் கடலை போட்டிருந்தார். இறைக்க வேறு ஆள் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும், பள்ளிக்கூடமும் விடுமுறை. அண்ணியின் ஆத்தா வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் ரயிலேறினோம்.

எழும்பூரில் இறங்கியதும் ஆரம்பித்தது. ரயில் வந்து நின்ற பக்கத்திலிருந்து வெளியே போக வேண்டுமானால் பாலத்தின் மேல் ஏறி இறங்க வேண்டும். இத்தனை பெரிய ஸ்டேஷனைக் கட்டியவர்களுக்கு, படி ஏற முடியாதவர்களும் ரயிலில் வருவார்கள் என்று தோன்றவே இல்லை. அண்ணி ஒரு படிக்கு ஒரு படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பின்னால் வந்த கூட்டம் எங்களை ஒதுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடியது. அத்தனை பேரும் எதற்காக ஓடினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் பாதிப் பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார்கள்.

வாசலில் கை ரிக்ஷாக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணி ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

"மாடு இழுக்கும், குதிரை இழுக்கும். ஒரு மனுசன் இழுக்க நான் மேல ஒக்காந்து போகவா? அந்தாளு கால்ல செருப்புக்கூட இல்லை பாரு, ஏத்தா. இந்த வெயில்ல."

"அண்ணி, அவருக்கு அதுதான் பொழப்பு."

"இருக்கட்டும். எனக்கு மனசு வரலை."

கடைசியில் ஒரு குதிரை வண்டி பிடித்து, திருவல்லிக்கேணியில் என் ஒன்றுவிட்ட தம்பி குடியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தம்பி ஓர் அச்சாபீஸில் வேலை பார்த்தான். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். அதனால் ஊரைச் சுற்றுவதெல்லாம் எங்கள் பாடு.

மறுநாள் காலை பட்டறைக்குப் புறப்பட்டோம். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த பஸ் என்று தம்பி சொல்லியிருந்தான். நாங்கள் சரியான இடத்தில்தான் நின்றோம். பஸ்தான் சரியான இடத்தில் நிற்கவில்லை. கம்பத்தைத் தாண்டி ஒரு கல்லெறி தூரம் போய் நிற்கும். நின்றவர்களெல்லாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அண்ணியும் நானும் பாதித் தூரம் போவதற்குள் விசில் கேட்கும், பஸ் போய்விடும். அடுத்ததற்கு முன்கூட்டியே தள்ளிப் போய் நின்றால், அது கம்பத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். எங்களுக்கென்று யோசித்துச் செய்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

எங்கள் ஊரில் பஸ் இப்படியா நடந்துகொள்ளும்? பொன்னமராவதியிலிருந்து காலையில் கிளம்பும் வண்டி, வயல் வரப்பில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு வந்தால் அவர் வந்து சேரும்வரை நிற்கும். டிரைவர் இறங்கி பீடி பற்றவைத்துக்கொள்வார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்தான். ஆனால் விட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு வரப்பில் ஓடி வருவது அவர்களாக இருக்கலாம் அல்லவா?

ஒரு வழியாக ஒரு பஸ்ஸில் ஏறினோம். அண்ணி கட்டைகளை முதலில் என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கி, ஒற்றைக் காலால் படியில் தாவ வேண்டும். தாவியதும் வண்டி கிளம்பிவிட்டது. நான் கட்டைகளோடு ஓடிப்போய்த் தொற்றினேன். ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி, நடுரோட்டில், கையில் இரண்டு கட்டைகளோடு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். என் மாணவிகள் யாரும் அந்தப் பக்கம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இறக்கிவிட்டது ஆஸ்பத்திரியைத் தாண்டி. திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. நடைபாதை என்று பெயர் வைத்தவர் அதில் நடந்தவராக இருக்க முடியாது. ஓரிடத்தில் தையல் மெஷின் போட்டு ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி எருமை படுத்திருந்தது. அதற்கப்பால் சாக்கடைமேல் மூடிய பலகைக் கற்களில் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. ஒவ்வொரு தெரு முனையிலும் நடைபாதை முழங்கால் உயரத்துக்கு இறங்கி, எதிரே மறுபடி ஏறியது. சாலையில் இறங்கி நடந்தால் மோட்டார்காரர்கள் ஹாரன் அடித்தே விரட்டினார்கள். அண்ணிக்குக் கக்கம் இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

பட்டறைக்குப் போனால் டாக்டர் பார்த்து முடித்துக் கிளம்பிவிட்டார். அவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவாராம். அவர் காலைப் பார்த்துச் சொன்னால்தான் அளவெடுப்பார்களாம்.

"அடுத்த வாரம் சீக்கிரமா வாங்க," என்றார் குமாஸ்தா.

"சீக்கிரமாத்தான் கெளம்புனோம். ஒங்க ஊரு பஸ்ஸு நிக்கலை," என்றேன்.

"நெறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் அவர், ஏதோ மழை பெய்கிறது என்பதுபோல.

நெறையப் பேர் அப்படிச் சொல்கிறார்கள். காலில்லாதவர்களுக்குக் கால் கொடுக்கும் இடம். கால் இருந்தால்தான் அங்கே வந்து சேர முடியும். இது யாருக்குமே விந்தையாகத் தெரியவில்லை என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அண்ணியோ வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மடியிலிருந்த கட்டுச்சோற்றைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

"சாப்பிடு. கோவத்தோட நடந்தா ரெண்டு பேரும் விழுந்துருவோம்."

அந்த வாரம் முழுவதும் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் அடைந்து கிடக்க அண்ணிக்குப் பிடிக்கவில்லை. டிராமில் போய்ப் பார்ப்போம் என்றார். டிராமை நிறுத்திவிடப் போகிறார்கள், அது பழங்காலத்து வண்டி, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கென்னவோ அந்த ஊரில் மரியாதை தெரிந்த வண்டி அது ஒன்றுதான் என்று பட்டது. ஆடி அசைந்து வரும். படி தாழ்வாக இருக்கும். நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். தண்டவாளத்தை விட்டு எங்கே போய்விடப் போகிறது? அண்ணி நிதானமாக ஏறி, கட்டைகளை மடியில் சாய்த்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு நாள் நடுவழியில் மின்சாரம் நின்றுபோய் டிராம் அப்படியே நின்றுவிட்டது. அவசரக்காரர்கள் இறங்கி நடந்தார்கள். மிச்சமிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வேர்க்கடலைக்காரியைக் கூப்பிட்டு வாங்கிக் கொறித்தோம். எங்கள் கடலை இதைவிடப் பருமன் என்று அண்ணி அவளிடம் சொல்ல, அவள் எந்த ஊர் என்று கேட்க, மின்சாரம் வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் டிராமுக்குள்ளும் பட்டணம் இருக்கத்தானே செய்யும். ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் ஏறிவிட்டோம். எதிரில் கோட்டு போட்ட இரண்டு பேர். ஒருவர் மற்றவரிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இந்த மாதிரி ஆட்கள் இந்த நேரத்தில் ஏன் வெளியே வருகிறார்கள்? வீட்டில் இருந்தால் என்ன?" மற்றவர், "இவர்களுக்கு நேரமாவது, காலமாவது," என்று சிரித்தார்.

பட்டிக்காட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான் அதே பாஷையில், "நாங்கள் சீட்டு வாங்கித்தான் ஏறினோம். உங்கள் சீட்டில் இந்த நேரத்தில் இன்னார்தான் வரலாம் என்று போட்டிருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்," என்றேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். கோபத்தில் எனக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது. கோட்டுக்காரர் பத்திரிகையை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். அது தலைகீழாக இல்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"என்ன சொன்னாரு அவரு?" என்றார் அண்ணி.

"வெயிலு ஜாஸ்தியா இருக்காம்."

"அதுக்கா ஒனக்கு இப்படி மூஞ்சி செவந்துச்சு?"

இறங்கும்வரை அண்ணி என் கையை விடவில்லை.

டாக்டர் வரும் நாள் வந்தது. விடிந்ததும் கிளம்பி, டிராமில் பாரீஸ் கார்னர் வரைக்கும் போய்விட்டோம். அங்கிருந்து பஸ்தான். முதல் பஸ் நிற்காமலே போயிற்று. இரண்டாவது வந்து நின்றது, கூட்டம் முண்டியது. எல்லோரும் ஏறிய பிறகு அண்ணி கம்பியைப் பிடித்தார். அவசரத்தில் ஒரு கட்டையை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தார். மற்றது அவர் கக்கத்தில். ஒற்றைக் காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்குள் விசில் ஊதிவிட்டான் கண்டக்டர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அண்ணியின் கட்டை நழுவிக் கீழே விழுந்தது. அவர் கம்பியில் தொங்கினார். பின்சக்கரம் கட்டையின் மேல் ஏறி நொறுக்கிவிட்டு நின்றது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஏறும்மா, இல்லாட்டி எறங்கு. வழியில குந்திக்கினா எப்படி?" என்றான் கண்டக்டர். அவனுக்கும் பயம்தான், அதை அதட்டலாக மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஏறவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேன்," என்றார் அண்ணி. "எங்கட்டையை ஒடச்சிட்டீங்க. இனிமே என்னால நடக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போகட்டும். போற வரைக்கும் நான் இங்கிட்டே ஒக்காந்துக்கிறேன்."

உள்ளே இருந்து சத்தம் கிளம்பியது. ஆபீஸுக்கு நேரமாச்சு, போலீஸைக் கூப்பிடு, இறக்கி ஓரமாக உட்கார வை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இவர்களில் எவருக்கும் குனிந்து அந்த உடைந்த கட்டையை எடுக்கத் தோன்றவில்லை. நான்தான் எடுத்தேன். இரண்டு துண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில் பேசினேன். "இது ஒரு அம்மாவோட காலு. ஒங்க வண்டி இதை ஒடச்சிருக்கு. இதைப் பாத்துட்டு, நேரமாச்சுன்னு சொல்றவங்க இன்னொரு தரம் சொல்லுங்க."

அதற்குப் பிறகு நேரமாச்சு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உதவிக்கும் யாரும் வரவில்லை. எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள்.

முன் வரிசையில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரப் பெண்தான் எழுந்து வந்தாள். அண்ணிக்குப் பக்கத்தில் அதே படியில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்தா கண்டக்டரே, நானும் எறங்கல. இன்னா செய்யப் போறே?"

அப்புறம் டிரைவர் இறங்கி வந்தார். என் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். கண்டக்டரிடம், "நான் சொல்றவரைக்கும் ஊதாதே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். வண்டி நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மீன்காரியும் அண்ணியைப் பிடித்துக்கொண்டோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராக, கேட்டை ஒட்டி, பஸ் நின்றது. நிற்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு ஒரு கட்டை உடைய வேண்டியிருந்தது.

டாக்டர் இருந்தார். பார்த்தார். அளவெடுத்தார்கள். போகும்போது ஊன்றிக்கொள்ள ஒரு பழைய கட்டையும் கொடுத்தார்கள்.

கால் தயாராகும்வரை வாரா வாரம் போய்வந்தோம். அந்த வாரங்களில் சாப்பிட்டதைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பட்டணத்து ஓட்டலில் இட்லி வெற்றிலை மாதிரி மெலிசு. சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பெண்களுக்கென்று தனி அறை என்று ஒன்றைத் தடுத்திருப்பார்கள். அது எப்போதும் மாடியில் இருக்கும். அண்ணிக்காகக் கீழேயே உட்காருகிறோம் என்றால் முதலாளிக்கு முகம் சுருங்கும். ஒரே ஒரு ஓட்டலில் மட்டும், பரிமாறுகிறவர் கேட்காமலே வாசலை ஒட்டிய மேஜையைத் துடைத்துவிட்டு, "இங்க ஒக்காருங்கம்மா, யார் என்ன சொல்றாங்கன்னு பாக்கிறேன்," என்றார். அங்கேதான் பிறகு தினமும் சாப்பிட்டோம். காப்பி சுமார்தான்.

கால் வந்தது. மரமும் தோலும் பித்தளைப் பூட்டுமாக. பட்டறையில் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணி நடந்து பழகினார். முதல் நாள் தொடையில் ரத்தம் கட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் போனார். கம்பியை விட்டு நடந்த அன்று அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சுவர் வரைக்கும் போய், சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். செருப்புப் போட்டு, சேலையைத் தழையக் கட்டிவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, அசைந்து வந்தார், அவ்வளவுதான்.

ஊருக்குக் கிளம்பும் நாள். எழும்பூருக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாகச் சொன்னார். கட்டைகளைத் தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டோம். பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். பஸ் வந்து, வழக்கம்போலத் தள்ளிப் போய் நின்றது. அண்ணி நடந்தே போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்தப் படி உயரம். மரக்காலை முதலில் தூக்கி வைப்பதா, சொந்தக் காலையா என்று யோசித்து, கம்பியைப் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டியிருந்தது.

கண்டக்டர் இளவயதுக்காரன், வேறு ஆள். விசில் வாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னான்:

"இன்னாம்மா, ரெண்டு காலும் நல்லாத்தானே கீது? கல்யாண ஊர்வலத்துல வர்ற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு ஏறினா வண்டி எப்ப போறது?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கட்டையோடு போனால் ஏன் வந்தாய் என்கிறார்கள். கட்டையில்லாமல் போனால் ஏன் மெதுவாக வருகிறாய் என்கிறார்கள். இந்த ஊரில் ஒரு மனுஷி எப்படித்தான் ஏறுவது? பெட்டியைப் படியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்.

"ஏத்தா, சும்மா இரு."

உள்ளே போய் உட்கார்ந்தோம். அண்ணி ஜன்னல் பக்கம். வண்டி கிளம்பியதும் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னான்னு கேட்டியா?"

"கேட்டேன். எறங்குறப்ப அவனை நான் சும்மா விடப் போறதில்லை."

"ரெண்டு காலும் நல்லா இருக்குன்னு சொன்னான்."

"அண்ணி, அவன் ஒங்களைத் திட்டினான்."

"திட்டட்டும். எல்லாரையும்தானே திட்டுறான்."

சீட்டுக் கொடுக்க அவன் வந்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணி அவனைப் பார்த்துச் சிரித்தார். அவன் குழம்பிப் போய் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

என் கோபம் இந்த நிமிஷம் வரைக்கும் ஆறவில்லை. ஆறவும் கூடாது என்று நினைக்கிறேன். எழும்பூர் வந்தது. நான் முதலில் பெட்டியோடு இறங்கித் திரும்பிக் கை நீட்டினேன். அண்ணி என் கையைப் பிடிக்கவில்லை. படியில் நின்று சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார், ஒரு காலை வைத்தார், கொஞ்சம் நின்றார், முன்னைவிட மெதுவாக அடுத்ததை எடுத்தார். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார், அவன் இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்று.

அவனும் சொன்னான்.